சுட்டாரா சுடலைமுத்து?

கொள்ளைக்காரனைச் சுடாமல் ஒளிந்துகொண்டார் என்று காவலாளி சுடலைமுத்துமீது புகார். கரோல்பாக் வங்கிக் கிளையிலேயே விசாரணை நடந்தது.

“பேரிலேயே ‘சுடலை’ன்னு இருக்கே, சார்!” என்றார் மேனேஜர் பட்டாபி.

“நான் சுட்டேன் சார். புது கேமரா டேப்பைப் போட்டுப் பாருங்க!”

போட்டார்கள். சுடலைமுத்துவின் துப்பாக்கி முனையில் பளீரென்று ஒரு வெளிச்சம்.

“பாத்தியளா!” என்று துள்ளினார் சுடலைமுத்து.

விசாரணை அதிகாரி டேப்பைத் திரும்ப ஓட்டினார். “கொள்ளைக்காரன் சுடவே இல்லையா?”

“அவன் எங்க சார் சுட்டான்? அவன் துப்பாக்கியில ஒரு பொறிகூடக் காணமே! அன்னிக்குச் சுட்டது நான் ஒருத்தன்தான்.”

“சபாஷ்! உன் வேலைக்கு ஆபத்தில்லை” என்று அதிகாரி கைகுலுக்கினார்.

பட்டாபி தன் கட்டுப் போட்ட காலை மெல்லத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

“அச்சா! அப்போ இதுலேர்ந்து டாக்டர் எடுத்த குண்டு யாரோடதுப்பா?”