அழுக்குச் சட்டை

"நாய் தொலைஞ்சா தெருத்தெருவா அலையக் கூடாது. நாம போட்டுக் கழட்டின அழுக்குத் துணியை வாசல்ல விரிச்சா, வாசனை பிடிச்சுத் தானா வந்துடும். நூறு பேருக்குச் சொல்லியிருக்கேன்" என்றார் கணவர்.

காலையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தோடு தெருவை அளந்துவிட்டு வந்திருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் நல்லாச் சொல்லுங்க. கேட்டைத் திறந்து போட்டது யாரு?"

கணவர் கொல்லைப்பக்கம் நடந்தார். அவர் வேலையிடத்தில் மட்டும் போடுகிற சட்டை, துவைக்க வந்து வாளியில் கிடந்தது. அதை எடுத்துக் கேட்டருகே விரித்தார்.

எப்போதும் அங்கே படுத்துக் கிடக்கும் இரண்டு தெருநாய்கள் எழுந்து ஓடின.

"பார்த்தியா, நம்ம ஆளுக்கு வழி விடுதுங்க!"

சாயங்காலம் தெருமுனையில் அவர்கள் வீட்டுக் குண்டன் தலைகாட்டினான். வாலை ஆட்டியபடி ஓடி வந்தான். சட்டையை ஒருமுறை மோந்தான். அவ்வளவுதான், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு எடுத்தான் பாருங்கள் ஓட்டம்!

மனைவி அந்தச் சட்டையைச் சுருட்டி அவர் கையில் திணித்தாள். தான் கழற்றிப் போட்டிருந்த நைட்டியைக் கொண்டுவந்து விரித்தாள்.

"அவன் வர்ற வரைக்கும் நீங்க வெளியே தலைகாட்டாதீங்க. ஊர்ல இருக்கிற நாய் அத்தனைக்கும் ஊசி போட்ட சட்டையை வாசல்ல விரிச்சா, எது வரும் டாக்டர்?"