வெட்டத் தெரியாதவள்

‘மாடி வாடகைக்கு’ என்ற போர்டைப் பார்த்து கேட்டைத் திறந்துகொண்டு வந்த பெரியவர், தோட்டத்தைக் கண்டதும் அலறினார்.

“ஐயையோ, உச்சியில கை வைக்காதீங்கம்மா! மரமே பாழாயிடும்!”

கொய்யாக்கன்றின் நடுத்தண்டில் கத்தரியை வைத்திருந்த வீட்டுக்காரம்மா திருதிருவென விழித்தாள். “கிளையெல்லாம் தரையைத் தொடுதேன்னு...”

“தொங்குற கிளையைத்தான் வெட்டணும். அதுவும் எங்க? மேல பார்த்திருக்கிற மொட்டை ஒட்டி. அப்பதான் புதுக்கிளை நிமிர்ந்து வரும். குடுங்க இப்படி!”

கத்தரி கைமாறியது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விட்டால்தானே! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அங்கிருந்த மூன்று கொய்யாக்கன்றுகளையும் ஒழுங்குபடுத்தினார். பக்கத்தில் குச்சி நட்டு, மெலிந்த கிளைகளை நிமிர்த்தித் துணிநாடாவால் தளர்வாகக் கட்டினார். வெட்டிப் போட்ட குப்பையைக்கூட அவரே அள்ளினார்.

“சரி, மாடியைப் பார்க்கலாமா?” என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

“நேத்தே ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சுங்களே.”

“அதை முதல்லயே சொல்லக் கூடாதா?”

“நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?”

பெரியவர் முனகிக்கொண்டே வெளியேறினார். சன்னலில் கணவரின் தலை தெரிந்தது.

“கொய்யா முடிஞ்சுதா? போர்டைக் கழட்டிடட்டுமா? மாடியில இருக்கிற எங்கம்மா, ‘என்னை எப்படா காலி பண்ணச் சொல்லப்போறே’ன்னு கேக்கிறாங்க.”

“அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. வாசல் குழாய் ஒழுகுது. அந்த ஸ்பேனரை இப்படிக் குடுங்க, தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”