இரண்டாவது டீ

“எடுத்துரு தம்பி. இப்பமே சுவத்துல இருந்து எடுத்துரு.”

ஜெயஷீலா போட்ட சத்தத்தில், ஹாலில் மாட்டியிருந்த ஃபோட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள். அந்தப் படங்களை எல்லாம் எடுத்த பெர்சி, கையிலிருந்த ஃபோனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டான்.

“எந்தப் படத்தக்கா?”

“எந்தப் படமா? இந்தா நிக்கானே, இவன் படத்த.”

கூட வந்த தம்பி ஜெபினின் கையைப் பிடித்து இழுத்து, ஒரு படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பெர்சி படத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான்.

படத்தில் ஜெபின் முத்துநகர் கடற்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலை தொங்கிப் போயிருந்தது. கையில் ஒரு பேப்பர் கப். பக்கத்தில் ஆளில்லாத இடத்தில், ஆவி பறக்க இன்னொரு கப். கீழே அச்சடித்திருந்தது: ‘வராதவளுக்கு ஒரு டீ.’

கண்காட்சிக்கு ‘நகரத்தில் ஒருவர்’ என்று பெயர். காலேஜ் படித்த காலத்திலிருந்து தூத்துக்குடியைச் சுற்றிச் சுற்றிப் பெர்சி எடுத்த படங்கள். நேற்றுதான் திறந்தார்கள். அதற்குள் இந்த ஒரு படம் அவர்கள் சர்ச் சபையில் பாதிப் பேர் ஃபோனுக்கு வந்துவிட்டது, கூடவே அழுகிற பொம்மைகளோடு.

“இவன் பொண்டாட்டி ஜெபசுதா போன வருஷம் டெங்குல போய்ட்டா,” என்றாள் ஜெயஷீலா. “நான் கெஞ்சிக் கூத்தாடி, இப்பதான் ஒரு பொண்ணப் பாக்கச் சம்மதிச்சிருக்கான். நாளைக்குச் சாத்தான்குளத்துல இருந்து அவங்க வாராங்க. செத்தவளுக்கு டீ வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

சொல்லிவிட்டாளே தவிர, அவளை அறுத்தது அது மட்டுமல்ல. தினமும் ராத்திரிச் சாப்பாடு அவள் வீட்டில்தான். கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வான், தட்டைக் கழுவி வைப்பான், போய்விடுவான். இப்படிக் கடற்கரையில் ரெண்டு டீயோடு உட்கார்ந்திருப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையே.

“கேக்காம எடுத்தது தப்புதாண்ணே,” என்றான் பெர்சி. “ஆனா இந்த ஹால்லயே நல்ல படம் இதுதான். வாரவங்க எல்லாம் இது முன்னாலதான் நிக்காங்க.”

“நின்னு அழுதுட்டுப் போறாங்கன்னு சொல்லு. எங்க வீட்டுத் துக்கத்துல ஊரு மூக்கச் சிந்துது.”

ஜெபின் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அடுத்த படத்துக்கு நகர்ந்திருந்தான். வரிசையாகக் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள். ஒரு மனிதத் தலை இல்லை. கீழே ‘கைவிடப்பட்டவை’ என்றிருந்தது.

“இது ஞாயித்துக்கிழமை எடுத்ததா தம்பி?”

“ஆமாண்ணே. எப்படிக் கண்டுபிடிச்சிய?”

“ஞாயித்துக்கிழமை நம்ம கரையில எவன் கடலுக்குப் போறான்? எல்லாரும் கோயிலுக்குப் போய்ட்டு வந்து, கறிச்சோறு தின்னுட்டுத் தூங்கிட்டிருப்பான். திங்கக்கிழமை போய்ப் பாருங்க, ஒரு போட்டு கூட அங்கன நிக்காது.”

ஜெயஷீலா தம்பியை ஒருமாதிரிப் பார்த்தாள். இவ்வளவு நீளமாக அவன் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. ஆனாலும் கோபம் விடவில்லை.

“ஏல, நான் உனக்காகச் சண்டை போடுதேன். நீ போட்டு எண்ணிட்டு நிக்க.”

அவன் திரும்பி வந்து தன் படத்தின் முன் நின்றான். கிட்டப் போய், வலது ஓரத்தை உற்றுப் பார்த்தான்.

“தம்பி, இது முழுப் படமா?”

பெர்சி பிடரியைச் சொறிந்தான். “இல்லண்ணே. வலது பக்கம் கொஞ்சம் வெட்டிட்டேன். அங்க ஒரு அக்கா பஜ்ஜிக் கடைக்காரர்கூட மல்லுக்கு நின்னுட்டிருந்தாங்க. அவங்கள வெட்டின பிறகுதான் படத்துல தனிமையே வந்துச்சு.”

“வெட்டாதது இருக்கா?”

“லேப்டாப்புல இருக்கு.”

“காட்டுங்க.”

“அது எதுக்குல?” என்றாள் ஜெயஷீலா. “உள்ளதையே எடுக்கச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

பெர்சி லேப்டாப்பைத் திறந்து வைத்தான். ஜெபின் குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை. அவன் தோள் குலுங்கத் தொடங்கியதும் ஜெயஷீலா ஓடிப்போய் முதுகில் கை வைத்தாள்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளும் திரையைப் பார்த்தாள். வலது ஓரத்தில் விரலை வைத்தாள்.

“சுவத்துல உள்ளது இருக்கட்டும் தம்பி,” என்றான் ஜெபின். “இதையும் பெருசாப் போட்டுப் பக்கத்துல மாட்டுங்க. நாளைக்கு வாரவங்க ரெண்டையும் பாக்கட்டும். என்னக்கா?”

ஜெயஷீலா தலையை மட்டும் ஆட்டினாள்.

பெர்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அந்த அக்காவ உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“பஜ்ஜி ஆறிப்போச்சுன்னு சண்டைக்குப் போனா. எனக்கு மானம் போய்த் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவ சண்டைய முடிச்சு வரதுக்குள்ள டீயும் ஆறிப்போச்சு,” என்றான் ஜெபின். “அதுக்கும் என்னத்தான் வீடு வரைக்கும் ஏசிட்டு வந்தா, எங்க ஜெபசுதா.”