வழி தெரியாதவர்கள்

கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் உட்காரவில்லை.

"நீங்கள் அந்த இடத்துக்கு நேரில் போனீர்களா? அங்கே தண்ணீர் ஏதும் உண்டா?"

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சுரங்கக் கம்பனியில் நிலத்தடி நீர் பார்ப்பது தன் வேலை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். அதுதான் தொல்லை. பொல்லாதவராக இருந்தால் பதில் சொல்வது சுலபம்.

புத்தக அறிமுகக் கூட்டத்தின் மேடையில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள்.

மேசையில் அவளுடைய புதிய புத்தகம் அடுக்கியிருந்தது. பத்து வருட உழைப்பு. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைக்குள் வெள்ளைக்காரர் பாதை போட வந்ததையும், அந்த மண்ணின் பூர்வகுடிகள் அவர்களை எப்படி மறித்தார்கள் என்பதையும் எழுதியிருந்தாள்.

ஈட்டியோடு மறித்தவர்களைப் பற்றி எழுதுவதில் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. பொலிஸ் குறிப்புகளே அவர்களுக்குப் போதிய விளம்பரம் கொடுத்திருந்தன.

ஒரு பெண்ணைப் பற்றி எழுதத்தான் முடியவில்லை.

நில அளவைக்காரர்கள் அந்தப் பெண்ணைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலி போட்டார்கள். உப்புக்கண்டம் ஊட்டினார்கள். குடிக்க எதுவும் கொடுக்கவில்லை. தாகம் பொறுக்காமல் நீர் இருக்கும் இடத்துக்கு ஓடுவாள், பின்னாலேயே போய்விடலாம் என்பது அவர்களுடைய திட்டம்.

அந்தப் பெண் ஓடினாள். வறண்ட பள்ளம் ஒன்றுக்கு.

பிறகு இன்னொரு வறண்ட பள்ளத்துக்கு.

கடைசியில் ஒட்டகங்கள் படுத்துவிட்டன. வந்தவர்கள் அவளை அவிழ்த்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

'மந்த புத்திக்காரி, தன் ஊரே தெரியாதவள்' என்று தலைமை அளவையாளர் எழுதிவைத்தார். நூறு வருடத்துக்கு மேலாக வரலாற்றில் அந்தப் பெண்ணுக்கு அதுதான் பெயர். யாருடைய புத்தகத்தைத் திறந்தாலும் அந்த வரி வந்து நிற்கும். அதைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் அவள் எழுதவே உட்கார்ந்தாள்.

பின்வரிசையில் டோரீன் இருந்தாள். அந்தப் பெண்ணின் பேத்திக்கு மகள். மடியில் தட்டு, தட்டு நிறைய வாசலில் கொடுத்த பிஸ்கட்.

போன வருடம் டோரீன்தான் அவளை அந்தப் பள்ளங்கள் இருக்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். தூரத்திலேயே நின்று முதலில் குரல் கொடுத்தாள். வந்திருப்பது யாரென்று தண்ணீருக்குச் சொல்லிவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும், அவர்கள் முறை அப்படி. தான் கூட்டி வந்தவளின் பெயரைச் சொன்னாள். அவள் பிறந்த ஊரையும் சொன்னாள். அளவெட்டி என்ற பெயர் டோரீனின் வாயில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு மண்டியிட்டு மணலைக் கையால் வாரினாள். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. மெல்ல ஊறி வந்தது. குளிர்ந்த, லேசாக மண் வாசம் அடிக்கிற, நல்ல தண்ணீர்.

அளவைக்காரர்கள் கூடாரம் அடித்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

அவள் அழுதுவிட்டாள். நாக்கு வெடித்த நிலையில் இதைத் தாண்டி நடந்திருக்கிறாளே ஒருத்தி! இந்த இடத்தை மட்டும் படத்தோடு எழுதினால் போதும், அந்த வரி அன்றோடு ஒழிந்தது என்று டோரீனிடம் சொன்னாள்.

டோரீன் கையிலிருந்த மணலை உதறினாள். மணல்மேட்டுக்கு அந்தப்புறம் கம்பனியின் துளைக்கருவி இரைவது கேட்டது. ஆழக் குழாய் ஒன்று இறங்கினால் அந்த ஊற்று ஒரு கோடைக்குத் தாங்காது.

"எங்கட பூட்டி மூடச்சியாவே இருக்கட்டும். தண்ணி இருக்குதுதானே."

அந்த அத்தியாயம் இல்லாமலே புத்தகம் வந்தது. அளவையாளரின் வரி மறுப்பில்லாமல் கிடந்தது. அதை அப்படியே விட்டது ஏன் என்று விமர்சனம் எழுதிய எல்லோரும் கேட்டார்கள்.

இப்போது இவர், அந்தப் பெண் ஓடிய இடத்தில் தண்ணீர் உண்டா என்று கேட்கிறார். தொப்பியோடு, மரியாதையோடு.

அவளுக்கு அம்மாவின் நினைவு வந்தது.

போர்க்காலத்தில் அளவெட்டி வீட்டு வாசல் படலையில் நின்ற சிப்பாய், இந்த ஒழுங்கையில் எத்தனை வீடு, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த அம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். பிழைவிட்டாள். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். சிப்பாய் அலுத்துப்போய் நடையைக் கட்டினான். கதவுக்குப் பின்னால் நின்ற அவளுக்கு அன்றைக்கு அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது.

"இல்லை," என்றாள் ஒலிவாங்கியில். "அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. சரியான வெயில் என்று சொன்னார்கள்."

மண்டபம் சலசலத்தது. இடத்தைப் பார்க்காமலா இத்தனை பக்கம் எழுதினாள்? முன்வரிசையில் ஒரு பேராசிரியர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஓர் ஆராய்ச்சிக்காரிக்கு இதைவிட மானக்கேடு வேறு இல்லை.

"பரவாயில்லை," என்றார் கேட்டவர். அவருக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காகப் பின்வரிசைகளைப் பார்த்தார். "அந்த ஊர்க்காரர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?"

டோரீன் வாயிலிருந்த பிஸ்கட்டை அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

"நான் அந்த ஊர்தான். எனக்கு வெளியில காரை எங்க விட்டனான் எண்டே ஞாபகமில்லை. என்னட்டைப் போய்க் கேக்கிறியள்."

மண்டபம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.