காவலுக்குப் பரிசு

ஜப்பான்காரன் காலம். சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பட்டப்பகலிலேயே கோழியும் மரவள்ளிக் கிழங்கும் களவு போயின. ஒரே வீட்டில் குடியிருந்த ஓரகத்திகளான பஞ்சாலை, மயிலம்மாள் வீட்டில் மட்டும் திருடன் கை வைக்கவில்லை.

காரணத்தை, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் திருநாவுக்கரசு கண்டுபிடித்துவிட்டார். ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் வீட்டைவிட்டு நகர்வதே இல்லை. யார் கூப்பிட்டாலும் கதவைக்கூடத் திறப்பதில்லை!

லயத்துக் கூட்டத்தில் பஞ்சாலையை முன்னால் நிறுத்தி மண்டோர் முழங்கினார்.

“பார்த்துக்குங்க! இங்ககூட ஒருத்திதான் வந்திருக்கா. மத்தவ வீட்டுல காவல். இதுதான் பொறுப்பு!”

பஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள். என்ன அடக்கம் என்று மண்டோருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கடையில் ஒரு முழத் துணி கிடைக்காத அந்த நாளில், தன் பெண்டாட்டி பெட்டியில் பொத்தி வைத்திருந்த சேலையை, அவள் முறைக்க முறைக்கப் பரிசாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே அந்த வீட்டில் திருட்டு. முட்டையிடும் கோழி இரண்டும் போய்விட்டன.

மண்டோர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“ரெண்டு பேரும் எங்கம்மா போனீங்க?”

“ஒண்ணா கோயிலுக்குப் போனோம் ஐயா” என்றாள் பஞ்சாலை.

“இத்தனை நாளா ஒருத்தி காவல் இருந்தீங்களே! பரிசு வாங்கினதும் பொறுப்பு போயிருச்சா?”

ஓரகத்திகள் ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பரிசுச் சேலையின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே மயிலம்மாள் சொன்னாள்:

“காவலா? நேத்து வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து இருந்ததே ஒரே சேலைதான்லா!”