ஈசல்களுக்கு ஒரு காலை

மழை விட்ட அன்று மாலை குளக்கரையில் இருந்தவர்கள்: கதை கட்டும் ஆமை ஒன்று, தவளை ஒன்று, புற்றிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஈசல்கள் ஒன்பது.

"ஆயிரம் வருடம் கழித்து நிலாவில் ஒரு குளம் இருக்கும்," என்று ஆமை ஆரம்பித்தது.

"அது யாருக்கு வேணும் மாமா?" என்றது குட்டி ஈசல். "எங்க ஆயுசு இன்னிக்கு ராத்திரியோட சரி. நாளைக் காலை எப்படி இருக்கும்னு சொல்லுங்க, கேட்டுட்டுப் போறோம்."

ஆமைக்குக் கூச்சமாகிவிட்டது. எத்தனையோ காலைகளைப் பார்த்திருந்தும் ஒன்றைக்கூட அது கதையில் வைத்ததில்லை.

"கிழக்கு சிவக்கும். இல்லை, மாதுளம்பூ நிறம்."

தவளையின் நாக்கு நீண்டு ஓர் ஈசலை இழுத்துக்கொண்டது.

"அடே, கதை நடக்குதுடா!"

"நீங்க நிதானமா நிறம் தேடுங்க அண்ணே."

ஆமையின் தலை ஓட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. இன்னும் ஐந்து முறை நிறத்தை மாற்றியது. ஒவ்வொரு முறையும் ஓர் ஈசல் போனது.

"எந்த நிறமா இருந்தா என்ன மாமா, சூரியன் வந்துச்சா இல்லையா?" என்று கத்தியது குட்டி ஈசல்.

ஆமை கண்ணை மூடிக்கொண்டது. "வந்தது. புல் காய்ந்தது. ஒரு தவளை பசியோடு கண் விழித்தது. சுற்றிலும் பார்த்தது. குளத்தைக் காணவில்லை."

"ஐயோ, அப்புறம்?" என்றது தவளை, திறந்த வாயை மூடாமல்.

அதன் முன்னால் ஈசல்கள் மூன்று மிச்சம் இருந்தன.