காத்திருப்பவை: பூஜ்யம்

கண்ணாடிச் சன்னலில் வெயில் ஏறி நிற்கிறது. மூலையில் அலுவலகத்தின் சொந்த சர்வர் இரைகிறது. மருந்து கேட்டு வரும் செய்திகளை வாங்கி, வரிசையில் வைத்துக் கடைகளுக்குக் கைமாற்றும் மெசேஜ் புரோக்கர் மென்பொருளை, அந்த சர்வரில் கன்டெய்னர் என்னும் தனித் தடுப்புக்குள் அண்ணி ஓடவிட்டிருக்கிறாள். "வரிசையை டிஸ்க்ல சேமிக்க வழி பண்ணிடறேன் தம்பி. இல்லேன்னா ரீஸ்டார்ட் பண்ணினா அத்தனையும் அழிஞ்சிடும்" என்று காலையில் அவள் மன்றாடியதை முதலாளியான கொழுந்தன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிசை மெதுவாக நகர்கிறதென்று இப்போது அவனே புரோக்கரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் திரையைக் காட்டுகிறான். காத்திருப்பவை: பூஜ்யம். "பாத்தீங்களா அண்ணி, ஒரே தட்டு! தேங்கினதெல்லாம் கடைக்குப் பறந்துடுச்சு." அறையே கைதட்டுகிறது. "பறக்கலை தம்பி, அழிஞ்சுபோச்சு" என்கிற அவள் குரல் அதில் அமுங்குகிறது. தொலைபேசி அலறுகிறது. எடுத்த கொழுந்தனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "குழந்தைக்கு மூச்சுத்திணறல் மருந்தா? கவலையேபடாதீங்கம்மா, வந்துட்டே இருக்கு."